கடைவீதியின் மகமை

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், புனித அந்தோணியார் திருவிழாவையொட்டி எம் பங்கில் அசனம் நடைபெறும். சாதி, சமய வேறுபாடின்றி ஊரார் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நாள் அது. அதற்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் யாவும் நெடுங்காலமாக ஆலயத் தெருவின் முனையிலிருந்த மளிகைக் கடையிலிருந்தே வந்துகொண்டிருந்தன. கடைக்காரர் நம் சமயத்தவர் அல்லர். ஊராருக்கு அவர் 'அண்ணாச்சி'. நாம் விலை கொடுத்து வாங்கும் பொருள்களோடு, கேளாமலேயே ஒரு மூட்டை அரிசியும் வண்டியில் ஏறி வரும். நான் அப்பங்கிற்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில், கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்றெண்ணி அந்த மூட்டைக்கும் பணம் கொடுக்க முனைந்தேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். "இது வியாபாரக் கணக்கு இல்ல சாமி, மகமைக் கணக்கு" என்றார்.

சில ஆண்டுகளுக்குப் பின் புறவழிச்சாலையில் பெரிய அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. பங்குப் பேரவையில் இரு விலைப்பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அங்காடியில் வாங்கினால் ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று தெரிந்தது. காணிக்கைப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது நம் கடமை என்றார்கள், நானும் இசைந்தேன். அவ்வாண்டும் அண்ணாச்சியின் அரிசி மூட்டை வந்தது. அடுத்த ஆண்டும் வந்தது. மூன்றாம் ஆண்டு வரவில்லை. கடை மூடப்பட்டிருந்தது.

கடை மூடியதற்கு நாங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வயது முதிர்ந்துவிட்டது. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஆயினும் ஓர் உண்மை என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விலைப்பட்டியல்களை ஒப்பிட்ட அந்த மாலையில், இலவசமாக வந்த அரிசி மூட்டையின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 'மகமை' என்ற அச்சொல்லின் பொருளை நான் தேடத் தொடங்கியது கடை மூடிய பிறகுதான். அத்தேடலில் கண்டவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

குகையில் எழுதிய பெயர்கள்

மதுரைக்கு வடகிழக்கே, கிடாரிப்பட்டி அருகே அழகர்மலையில் இயற்கையாய் அமைந்த குகைத்தளம் ஒன்று உள்ளது. துறவியர் படுத்துறங்குவதற்கெனப் பாறையில் வெட்டிய படுக்கைகள் அங்குக் காணப்படுகின்றன. அவற்றின் அருகே, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்தில், அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் யார்? அரசர்கள் அல்லர். உப்பு விற்றவர் ஒருவர். வெல்லப்பாகு விற்றவர் ஒருவர். துணி விற்றவர் ஒருவர். ஏரின் கொழு விற்றவர் ஒருவர். மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவர். சற்று அப்பால் மாங்குளத்தில் உள்ள கல்வெட்டுகள் இவற்றினும் பழமையானவை. அவற்றில் வெள்ளறை என்னும் ஊரின் 'நிகமத்தோர்', அதாவது வணிகர் குழுவினர், இவ்வாறே கொடையளித்தோராகக் குறிக்கப்படுகின்றனர்.

இது நம்மைச் சற்றே நிறுத்திச் சிந்திக்க வைக்க வேண்டும். மதுரை வட்டாரத்துக் கடைக்காரர்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அவர்கள் எவ்வளவு விற்றார்கள், எவ்வளவு ஈட்டினார்கள் என்ற செய்தி இல்லை. எதைக் கொடுத்தார்கள் என்பதே எழுதப்பட்டுள்ளது. உப்பு விற்ற ஊதியத்தில் ஒரு பகுதி, விற்ற ஊரின் அருகிலேயே ஒரு பாறைப் படுக்கையாகத் தங்கிவிட்டது.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையின் பகற்கடைகளை நாளங்காடி என்றும், மாலைக்குப் பின் நடக்கும் கடைகளை அல்லங்காடி என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணி வீதியையும் பொன் வீதியையும் துணி வீதியையும் கூல வீதியையும் கண்டு வியக்கிறான். அந்த வியப்பை நாம் விரும்பிப் படிக்கிறோம். ஆனால் அவனுக்கு நேர்ந்த கேட்டில் வணிகத்தைப் பற்றிய ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. புகாரில் அவன் யார், எவருடைய மகன் என்பது கடைவீதிக்கே தெரியும். மதுரையிலோ அவனை அறிந்த வணிகர் ஒருவரும் இல்லை. 'இவனை எனக்குத் தெரியும், இவன் கள்வன் அல்லன்' என்று சொல்ல அவ்வளவு பெரிய கடைவீதியில் ஒரு குரலும் எழவில்லை. பொற்கொல்லனின் பொய் அந்த இடைவெளியில்தான் நுழைந்தது. பண்டமும் விலையும் மட்டும் இருந்து, அறிமுகம் இல்லாத சந்தை எளியவனுக்கு எத்துணை ஆபத்தானது என்பதைக் கோவலனின் முடிவிலிருந்தும் நாம் கற்கலாம்.

பேட்டையும் மகமையும்

இன்றும் மதுரையின் பழைய தெருக்களின் பெயர்கள் பல, கடைகளின் பெயர்களே. நெல்பேட்டை, வெண்கலக் கடைத் தெரு, வளையல்காரத் தெரு என்று தொழில்களே தெருக்களுக்குப் பெயரிட்டன. கீழமாசி வீதியில் காலையில் நடந்தால் மல்லியும் வற்றலும் மணக்கும். திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் சிற்பத் தூண்களுக்கிடையே தையற்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன.

மகமை என்ற சொல் வழக்கில் ஊன்றியது மதுரைக்குத் தெற்கேயுள்ள கரிசல் சமவெளியில். 19-ஆம் நூற்றாண்டில் சாலைகளில் அச்சம் குறைந்து வண்டிப் போக்குவரத்துப் பெருகியபோது, தென்கோடியிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலியவற்றை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு நாடார் வணிகர்கள் வடக்கே வந்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் அவர்களுடைய வணிக மையங்களாயின. வழியில் கள்வர் பயம்; ஊருக்குள் சாதி இழிவு. எனவே வண்டியும் மாடும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்குச் சுற்றுச்சுவரோடு 'பேட்டை'களை அமைத்தார்கள். பேட்டையைப் பயன்படுத்தியோர் சிறு தொகை ஒன்றைச் செலுத்தினர். நாளடைவில், ஊரில் நடைபெறும் வணிகத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொரு வணிகரும் ஒரு சிறு பகுதியைப் பொதுநிதிக்குக் கொடுப்பது வழக்கமாயிற்று. அதுவே மகமை. உறவின்முறை என்னும் ஊர்க்குழு அதை நிர்வகித்தது. கோயில், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் எனப் பலவும் அந்நிதியிலிருந்து எழுந்தன.

விருதுநகரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அங்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட ஷத்திரிய வித்தியாசாலை கட்டணம் பெறாமல் கல்வி கற்பித்தது. கடைக்காரரின் மகமையோடு வீட்டுப் பெண்களின் பங்கும் அதில் இருந்தது. நாள்தோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்து, அதைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். இதனைப் பிடியரிசி என்றார்கள். 1903-இல் பிறந்த காமராசர் அப்பள்ளியில் பயின்றவர். இளமையிலேயே தந்தையை இழந்து, படிப்பை விட்டு, தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னாளில் அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பிடியரிசியால் இயங்கிய பள்ளியில் படித்த சிறுவன் பின்னர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிட்டான் என்பதை எண்ணும்போது, தெருமுனைக் கடையின் கல்லாவிலிருந்து ஒதுக்கப்பட்ட காசு எவ்வளவு தொலைவு செல்லும் என்பது விளங்குகிறது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மகமை என்பது கடைக்காரரின் தனிப்பட்ட இரக்க குணத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. அது ஓர் ஏற்பாடு. வியாபாரம் நடந்தால் ஊருக்கு ஒரு பங்கு உண்டு என்று முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாடு. கடைக்காரரும் கொள்வோரும் நிர்வகிப்போரும் ஒரே ஊரில் வாழ்ந்ததால்தான் அந்த உடன்பாடு நிலைத்தது. தெருவில் கிணறு இல்லையென்றால் கடைக்காரரின் வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடம் நன்றாக நடக்கவில்லையென்றால் அவருடைய பிள்ளையும் படிக்க இயலாது.

ஒரு நூறு ரூபாயின் வழி

கொடையை ஒதுக்கி வைத்து, வணிகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இவ்வுண்மை மாறுவதில்லை. தெருக்கடையில் நாம் கொடுக்கும் நூறு ரூபாயில் பெரும்பகுதி சரக்கின் கொள்முதல் விலையாகக் கீழமாசி வீதிக்கோ வேறு மொத்த வியாபாரியிடமோ போய்விடும். எஞ்சும் சில ரூபாய்தான் கடைக்காரரின் ஊதியம். அந்தச் சில ரூபாய் எங்கே போகிறது? கடை வாடகையாக ஊரிலுள்ள ஒரு விதவைத் தாய்க்குப் போகலாம். மூட்டை இறக்கும் கூலியாக, மகள் திருமண அழைப்பிதழை அச்சிடும் அச்சகத்திற்கு, சட்டை தைக்கும் தையற்காரருக்கு, தேநீர்க் கடைக்குப் போகலாம். தேநீர்க் கடைக்காரர் அதே பணத்தைக் கொண்டு அண்ணாச்சி கடையில் சர்க்கரை வாங்குவார். ஒரே ரூபாய் ஊருக்குள் பல கை மாறிப் பலருக்கும் பயன்பட்ட பின்னரே வெளியேறுகிறது.

பெரும் நிறுவனத்தின் கிளையில் கொடுக்கும் பணத்திலும் ஊழியர் சம்பளமாக ஒரு பகுதி நம்மூரில் தங்குகிறது, அதை மறுக்கலாகாது. ஆனால் இலாபமும் விளம்பரச் செலவும் கணக்கரின் ஊதியமும் மேலாளரின் ஊதியமும் தலைமையகம் உள்ள பெருநகரத்திற்குப் போய்விடுகின்றன. கைப்பேசி வழியே வாங்கும்போது, பொருளைக் கொண்டுவரும் இளைஞரின் கூலி நீங்கலாக, ஊரில் தங்குவது மிகவும் குறைவு.

குடையோடு வந்த மலிவு

'மலிவாகக் கிடைப்பதை வாங்குவது குற்றமா?' என்று கேட்கலாம். குற்றமன்று. ஏழைக் குடும்பத்திற்குப் பத்து ரூபாய் மிச்சம் என்பது ஒரு வேளைக் காய்கறி. ஆனால் மலிவு ஏன் மலிவாக இருக்கிறது என்று கேட்பது அறிவுடைமை. இதற்குத் தென்தமிழகத்திலேயே ஒரு பழைய படிப்பினை உண்டு.

மதுரையில் 1901-இல் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரை நாம் அறிவோம். அவரே 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைவராகவும் இருந்தார்; அதன் உயிர்மூச்சாக விளங்கியவர் வ. உ. சிதம்பரனார். பத்து இலட்ச ரூபாய் மூலதனத்தை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்து, சாதாரண வணிகரும் சேரும்படி அமைத்தார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல்கள் ஓடின. அதுவரை அவ்வழியில் கோலோச்சிய வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; மேலும் குறைத்தது; இறுதியில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுக்க முன்வந்தது. இலவசமாய்க் கொண்டுசெல்வதால் எந்தக் கப்பலும் பிழைக்க முடியாது. போட்டியாளன் அழியும்வரை இழப்பைத் தாங்கும் பணபலம் அதற்கு இருந்தது என்பதே அதன் பொருள். 1908 மார்ச் 12 அன்று வ. உ. சி. கைது செய்யப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அடக்குமுறை, நிர்வாகப் பூசல், பணமுடை எனக் காரணங்கள் பல. விலைப்போர் அவற்றுள் ஒன்று. குடையைப் பெற்றுக்கொண்ட பயணி தீயவர் அல்லர். தம் கையில் இருப்பது ஒரு கம்பெனியின் விலை என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த எங்கள் பங்குப் பேரவையும் அப்படித்தான்.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

தெருக்கடையைப் புகழ்ந்து பேசும்போது அதன் குறைகளை மூடி மறைப்பது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். மகமை ஒரு சமூகத்தாரின் நிதியாகவே தொடங்கியது. அச்சமூகமே மற்றவர்களால் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தமைக்காக அவர்கள் மீது தொடரப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள்தான்.

நம் சிற்றூர்க் கடைகளில் நேற்று வரை என்ன நடந்தது? தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. காசைக் கையில் வாங்காமல் தரையில் வைக்கச் சொன்ன வழக்கம். யாருடைய மகன் என்பது தெரிந்ததாலேயே இழிவுபடுத்தப்பட்டவர்கள் பலர். என் பங்கைச் சேர்ந்த தலித் இளைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பெரிய கடையில என்னை யாருன்னு யாரும் கேக்குறதில்ல சாமி. அதுக்காகவே நான் அங்க போறேன்." இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அறிமுகமற்ற சந்தை கோவலனைக் கொன்றது. அதே அறிமுகமின்மை இவ்விளைஞருக்கு விடுதலையாய் அமைந்தது. இரண்டும் உண்மையே. கடனுக்குப் பொருள் கொடுத்த பற்று நோட்டும் அப்படித்தான். மழை பொய்த்த ஆண்டில் அது பல குடும்பங்களைத் தாங்கியது. சிலரை வேறு கடைக்குப் போக முடியாதபடி கட்டியும் போட்டது.

ஆகவே, அருகில் இருக்கிறது என்பதனாலேயே ஒரு கடை நல்ல கடையாகிவிடாது. சரியான எடை, நேரிய விலை, எல்லோருக்கும் ஒரே மரியாதை, ஊருக்கு ஒரு பங்கு ஆகியவை இருக்க வேண்டும். ஆனால் இவற்றைக் கேட்டுப் பெறக்கூடிய இடமும் அருகிலிருக்கும் கடைதான். இரட்டைக் குவளையை எதிர்த்து ஊர் மக்கள் போராட முடிந்ததற்குக் காரணம், கடைக்காரர் கண்முன்னே நின்றார் என்பதே. தொலைவிலுள்ள தலைமையகத்தின் முன் நாம் எவ்வாறு நிற்பது?

மக்கள் தாமே செய்த ஏற்பாடுகள்

சாதி எல்லையைக் கடந்து இத்தகைய உடன்பாட்டை உருவாக்கவும் முயற்சிகள் நடந்துள்ளன. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் எளிய தொழிலாளர் 28 பேர் சேர்ந்து கடை ஒன்றைத் திறந்தனர். கலப்படமற்ற பொருள், சரியான எடை, இலாபம் வாங்குவோருக்கே என்பது அவர்கள் விதி. சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அவ்வழியில் தோன்றியது. நம் மதுரைக்கும் ஒரு பெருமை உண்டு. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர்கள் இடைத்தரகர் இன்றித் தாமே காய்கறி விற்கவும், விலை நாள்தோறும் பலகையில் எழுதப்படவும் வழி ஏற்பட்டது. விளைவித்தவரின் முகத்தைப் பார்த்து வாங்கும் வாய்ப்பு நகரத்தாருக்குக் கிடைத்தது.

இவையெல்லாம் நமக்கு உணர்த்துவது ஒன்றே. கடைவீதியின் நன்மை தானாக வருவதன்று. கொடுப்பவரும் கொள்பவரும் சேர்ந்து செய்துகொள்ளும் ஏற்பாட்டினால் வருவது. அந்த ஏற்பாட்டில் கடைக்காரரின் கடமையைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். வாங்குவோராகிய நமக்கும் கடமை உண்டல்லவா? அவசரத்திற்கு உப்பும் தீப்பெட்டியும் தெருக்கடையில் கடனாக வாங்கி, மாதச் சம்பளம் வந்ததும் ரொக்கத்தை எடுத்துக்கொண்டு பெரிய அங்காடிக்குப் போவது நேர்மையா? பூக்காரத் தாயிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, விலைச்சீட்டு ஒட்டிய இடத்தில் வாய் திறவாமல் பணம் கொடுப்பது நியாயமா? எல்லாப் பொருளையும் தெருவிலேயே வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாதந்தோறும் வாங்குவனவற்றில் எவற்றைத் தெருக்கடையில் வாங்கலாம் என்று குடும்பமாக ஒருமுறை அமர்ந்து எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். பற்றுக் கணக்கு இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

எம் தெருவில் இப்போது இரண்டு சிறு கடைகள் எஞ்சியுள்ளன. ஒன்றைக் கணவனை இழந்த பெண் ஒருவர் நடத்துகிறார். மற்றொன்றை இளைஞர் ஒருவர் தொடங்கியிருக்கிறார். சென்ற ஆண்டு அசனத்திற்கு வேண்டிய பொருள்களை அவ்விருவரிடமும் பிரித்து வாங்குவது என்று பேரவையில் முடிவு செய்தோம். அங்காடி விலையைவிடச் சில ஆயிரம் கூடுதலாயிற்று. அந்தக் கூடுதல் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்கர் கேட்டார். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, 'மகமை' என்று எழுதச் சொன்னேன். அண்ணாச்சி நமக்குப் பல ஆண்டுகள் கொடுத்தார். இனி நாம் கொடுக்கும் முறை.